முதல் காசு முன் டயருக்கு: ஹார்ட்டெயிலுக்குச் சக்கரமும் டயரும்

ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் அதிர்வுத் தாங்கி உள்ள மலைச் சைக்கிள், கட்ட நினைக்கிறவர்கள் வழக்கமாக ஃபிரேமில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), கியர், பிரேக். கையில் மிச்சம் இருப்பதை வைத்துச் சக்கரம். கடைசியாக, அன்றைக்குக் கடையில் எந்த டயர் தொங்குகிறதோ அது. கோலாலம்பூரில் ஓட்டப்போகிற சைக்கிளுக்கு இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் கருத்து. டயரை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த ரிம் வேண்டும் என்பதை டயர் சொல்லும். எந்த ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வேண்டும் என்பதை ஃபிரேம் சொல்லும். அதற்குப் பிறகு நாம் யோசித்து முடிவு செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு.

என் அக்கா மகன் இப்போது இந்த இடத்தில்தான் நிற்கிறான். 29 அங்குலச் சக்கரத்துக்கான அலுமினிய ஃபிரேம், 130 மில்லிமீட்டர் ஃபோர்க், ஷிமானோ டியோர் 12 கியர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆள் 78 கிலோ. "கார்பன் ரிம் போட்டா லைட்டா இருக்கும்லா மாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எந்த டயர் என்பதற்கு முன்னால் எந்த மண் என்று பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் அவன் ஓட்டுவது பெரும்பாலும் புக்கிட் கியாரா மலையில். நடுநடுவே ஷா ஆலம் பக்கம். எப்போதாவது தோட்டப்புறங்களில் நடக்கும் ஜம்போரி என்னும் கூட்டுச் சைக்கிள் ஓட்டம். கியாராவின் தடம் செம்மண் களி. வெயிலில் கெட்டியாகிவிடும், மேலே பொடிக்கல் உருளும். ஒரு மாலை மழை பெய்தால் போதும், அதே இடத்தில் நடப்பதற்கே கால் வழுக்கும். மரவேர்கள் தடத்துக்குக் குறுக்கே கிடக்கும். சக்கரங்கள் ஏறி ஏறிப் பட்டை உரிந்து வழவழவென்று ஆகிவிட்ட வேர்கள் அவை. கோலாலம்பூரில் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். மற்ற மாதங்களிலும் காட்டுக்குள் நிழல் விழும் இடங்கள் முழுசாகக் காய்வதில்லை. ஆகவே "காய்ந்த தடத்துக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று" என்று இரண்டு ஜோடி டயர் வைத்து மாற்றுவது இங்கே சரிப்படாது. ஒரே காலையில் இரண்டும் வரும்.

கியாரா மலை ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம் ஆட்கள் பால் வெட்டிய மலை. தோட்டம் போன பிறகு அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நீண்ட வீடுகளில், ஒரு நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். அங்கே சைக்கிள் ஓட்டுகிற நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால் அவனுக்கும் சொன்னேன்.

சரி, டயருக்கு வருவோம்.

முன் டயர் பிடி விட்டால் விழுந்துவிட்டோம் என்று அர்த்தம். பின் டயர் பிடி விட்டால் பெரும்பாலும் வால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே டயரைப் போட வேண்டிய அவசியம் இல்லை. முன்னால் பிடிப்பு, பின்னால் உருளும் வேகமும் உறுதியும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

முன்னுக்கு நான் அவன்முன் வைத்தவை மூன்று: மேக்சிஸ் அசெகை, மேக்சிஸ் மினியன் டிஎச்எஃப், ஷ்வால்பே மேஜிக் மேரி. மூன்றும் மண்ணைப் பிடிக்கும் உயரமான ரப்பர்க் குமிழ்கள் உள்ளவை, மூன்றும் கனமானவை. 29 அங்குலச் சக்கரத்துக்கு 2.4, 2.5 அங்குல அகலத்தில் ஒரு டயர் ஒரு கிலோவை ஒட்டி வரும். வித்தியாசம் குமிழ்கள் நிற்கும் விதத்தில்தான். டிஎச்எஃபின் நடுக் குமிழ்களுக்கும் ஓரக் குமிழ்களுக்கும் இடையே தெளிவான ஓர் இடைவெளி ஓடும். சைக்கிளை நன்றாகச் சாய்த்தால் ஓரக் குமிழ் மண்ணைக் கடித்து அருமையாகப் பிடிக்கும். அரைகுறையாகச் சாய்த்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு கணம் பிடிப்பு மெலிந்துபோகும். வளைவில் தயங்குகிறவர்களுக்கு அந்த ஒரு கணமே போதும். அசெகையில் அந்த இடைவெளியை நிரப்பக் கூடுதல் குமிழ்கள் இருக்கின்றன. எவ்வளவு சாய்த்தாலும் பிடிப்பு ஒரே சீராக இருக்கும். பதிலுக்குச் சமதளத்தில் இழுவை (உருளுவதற்கான தடை) கூடும். தென்னாப்பிரிக்க இறக்க ஓட்ட வீரர் கிரெக் மின்னாரின் பெயரோடு வந்த டயர் அது. பந்தயக்காரருக்குச் செய்யப்பட்டதாக இருந்தாலும், இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்குத்தான் அது அதிகம் உதவுகிறது என்று நினைக்கிறேன். மேஜிக் மேரியின் குமிழ்கள் தள்ளித் தள்ளி நிற்பவை. களிமண் அப்பிக்கொண்டாலும் சக்கரம் நாலு சுற்று சுற்றியதும் உதிர்ந்துவிடும். மழை நாட்களில் அதை மிஞ்ச ஆள் இல்லை. கெட்டித் தரையில் வேகமாக வளையும்போது அந்த உயரமான குமிழ்கள் மடங்குவது கையில் தெரியும்.

இதைவிட லேசாக ஃபோர்காஸ்டர், ரீகான் மாதிரி டயர்களை முன்னால் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. கெப்போங்கில் ஃபிரிம் என்ற வன ஆய்வு நிலைய வளாகத்துச் சாலைகளும் மண்பாதைகளும், புத்ராஜெயா பக்கம் சீரான தடங்கள் என்று பெரும்பாலும் அவற்றிலேயே ஓட்டினால் அது நல்ல தேர்வுதான். ஏற்றத்தில் வித்தியாசம் தொடையில் தெரியும். ஆனால் ஈர வேரில் நான் அவற்றை நம்பமாட்டேன்.

இங்கே ரப்பரின் குணம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் ஈர வேரில் குமிழின் வடிவத்தைவிட ரப்பரின் மென்மைதான் வேலை செய்கிறது. வேரில் குமிழ் குத்தி இறங்குவதில்லை. ஒட்டிக்கொள்ள மட்டும்தான் முடியும். மேக்சிஸில் விலை குறைந்தது டுவல், நடுவில் மேக்ஸ்டெர்ரா, மிக மென்மையானது மேக்ஸ்கிரிப். ஷ்வால்பேயின் அடிக்ஸ் வரிசையில் ஸ்பீட்கிரிப், சாஃப்ட், அல்ட்ரா சாஃப்ட் என்று போகும். ஐரோப்பாவில் எழுதப்படும் விமர்சனங்களைப் படித்துவிட்டு நேராக மிக மென்மையான ரப்பரை வாங்குகிறவர்கள் இங்கே பலர். ஐந்தாறு டிகிரி குளிரில் ரப்பர் இறுகிவிடும். அதற்கு ஈடுகட்ட அங்கே அவ்வளவு மென்மை தேவைப்படுகிறது. நமக்கோ பகலில் 32, 33 டிகிரி. விடியற்காலையில்கூட 23, 24க்குக் கீழே போவது அரிது. நம் ஊர் வெப்பத்தில் மேக்ஸ்டெர்ரா, அடிக்ஸ் சாஃப்ட் போன்ற நடுத்தர ரப்பரே போதுமான அளவு இளகி நிற்கிறது. மேக்ஸ்கிரிப் சூடான தார்ச் சாலையில் வேகமாகத் தேயும், இழுக்கவும் செய்யும். வீட்டிலிருந்து தடம்வரை சாலையிலேயே மிதித்துப் போகிறவர்களுக்கு அது வீண் செலவு. அதே சமயம் டுவல் ரப்பரை முன்னால் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரே பெயர், ஒரே குமிழ், விலை மட்டும் குறைவு என்று கடையில் தொங்குவது பெரும்பாலும் அந்த டுவல்தான். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பதை வாங்கும் முன் படியுங்கள்.

முன்னால் மேக்ஸ்டெர்ரா ரப்பரில் 2.5 அகல அசெகை என்று அவனுக்கு முடிவு செய்தோம். நன்றாக வளையத் தெரிந்தவர் கேட்டிருந்தால் டிஎச்எஃப் என்று சொல்லியிருப்பேன்.

பின் டயர் வேறு கதை. முழுச் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின்னால் ஓர் அதிர்வுத் தாங்கி இருக்கிறது. ஹார்ட்டெயிலில் அந்த வேலையைச் செய்ய டயரையும் நம் முழங்காலையும் விட்டால் வேறு எதுவும் இல்லை. ஒவ்வொரு வேரும் கல்லும் நேராகப் பின் ரிம்மில் வந்து இறங்கும். பின் ரிம் நசுங்கி வருகிற ஹார்ட்டெயில்களைப் பழுதுபார்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முன் ரிம் நசுங்கி வருவது எவ்வளவு அபூர்வம் என்று சொல்வார்கள். ஆகவே பின்னால் முதலில் பார்க்க வேண்டியது குமிழ் அல்ல, டயரின் துணி, அதாவது ரப்பருக்கு அடியில் இருக்கும் உறை. மேக்சிஸில் எக்சோ என்பது லேசான ஒற்றை அடுக்கு. எக்சோ பிளஸ் அதற்கு மேல் கொஞ்சம் பாதுகாப்பு. டபுள்டவுன் இரட்டை அடுக்கு. எக்சோவைவிட டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் அல்லது அதற்கு மேலும் கூடும். ஷ்வால்பேயில் சூப்பர் கிரவுண்ட், சூப்பர் டிரெயில், சூப்பர் கிராவிட்டி என்று இதே படிகள். முன்னால் எக்சோ, பின்னால் எக்சோ பிளஸ் என்பதுதான் இவன் எடைக்கும் ஓட்டத்துக்கும் பொருத்தம். 60 கிலோ உள்ள, சக்கரத்தை மெல்லத் தூக்கி ஓட்டத் தெரிந்தவருக்கு இரண்டு பக்கமும் எக்சோ போதும். 90 கிலோவைத் தாண்டியவர், குதிப்பவர், எடையைப் பார்க்காமல் டபுள்டவுனுக்குப் போய்விடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது முள். ஜம்போரி ஓட்டங்களின் வழி பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களுக்குள் போகும். வெட்டிப்போட்ட மட்டைகளைப் பாதையோரம் அடுக்கியிருப்பார்கள். மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் வரிசையாக முள். அது காய்ந்தால் இன்னும் கெட்டி. டியூப் போட்ட சக்கரம் அதன்மேல் ஏறினால் பஞ்சர் நிச்சயம். காட்டுப்பக்கம் என்றால் பிரம்பு முள். மெல்லிய பக்கச் சுவரை இரண்டுமே விட்டுவைக்காது.

பின்னுக்கான குமிழ்: ரீகான், டிஸெக்டர், மினியன் டிஎச்ஆர் டூ. ரீகானின் நடுக் குமிழ்கள் தாழ்ந்தவை, நெருங்கியவை, அழகாக உருளும். ஈரக் களியில் பிரேக் பிடித்தால் நிற்காமல் சறுக்கும். டிஎச்ஆர் டூவின் நடுவில் அகலமான குமிழ்கள் குறுக்காக நிற்கும். செங்குத்தான ஈர ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதித்தாலும் மண்ணைக் கொத்தி முன்னே தள்ளும். இறக்கத்தில் பிரேக்கும் உறுதி. இழுவை அதிகம். டிஸெக்டர் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. கியாராவின் ஏற்றங்கள் குட்டை குட்டையானவை, ஆனால் வேர் நிறைந்தவை. அங்கே வேகத்தைவிடச் சறுக்காமல் ஏறுவதுதான் முக்கியம். அதனால் என் ஓட்டு டிஎச்ஆர் டூவுக்கு. அவன் டிஸெக்டர் பக்கம் சாய்கிறான். ஜம்போரியில் நீண்ட செம்மண் சாலைகளில் அதுதான் அவனுக்கு நன்றாக இருக்கும். அவன் கணக்கும் நியாயம்தான். 2.4 அகலம், எக்சோ பிளஸ் துணி என்ற இரண்டில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

2.6 ஏன் வேண்டாம்? நிறையக் காற்று, நிறைய மெத்தென்ற உணர்வு, ஹார்ட்டெயிலுக்கு அதுதானே நல்லது என்று தோன்றும். காய்ந்த தடத்தில் உண்மையும்கூட. ஆனால் ஃபிரேமின் பின் கம்பிகளுக்கும் டயருக்கும் இடையே இரண்டு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீட்டராவது இடம் வேண்டும். இல்லாவிட்டால் இங்கே களி அந்த இடத்தை நிரப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், பெயின்டையும் அராவிவிடும். ஃபிரேமில் 2.6 நுழைகிறது என்பது வேறு, மழை நாளில் 2.6 சுற்றுகிறது என்பது வேறு.

டியூப்லெஸ் பற்றி இரண்டாம் யோசனையே தேவையில்லை. டியூப் போட்டால், காற்றைக் குறைக்கும்போது வேரில் அடித்து டியூப் இரண்டு இடத்தில் நசுங்கும். காற்றைக் கூட்டினால் ஈர வேரில் டயர் துள்ளும். இரண்டுக்கும் நடுவே நல்ல இடமே கிடையாது. டியூப்லெஸ் என்றால் 78 கிலோ ஆளுக்கு முன்னால் 21, 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 25, 26 என்று தொடங்கலாம். பிறகு ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றவும். பின் ரிம் வேரில் "டங்" என்று மோதும் சத்தம் அடிக்கடி கேட்டால் ஏற்றுங்கள். வளைவில் டயர் சைக்கிளுக்கு அடியில் நெளிந்தாலும் ஏற்றுங்கள். காற்றடிக்கும் பம்பில் இருக்கும் முள் மீட்டர் இந்த அளவில் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான ஒரு தனி மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்டது. சில வகைகளில் அது உறையாமல் இருக்க அமோனியாவும் கலந்திருக்கும், தோட்டத்தில் பால் உறையாமல் இருக்க ஊற்றுவதும் அதுதான். எங்கள் அம்மா தலைமுறைக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். இந்த ஊர் வெயிலில் அது சீக்கிரம் காயும். காரின் பின்பெட்டியில் சைக்கிளை வைத்துவிட்டு மாமாக் கடையில் தேநீருக்கு உட்கார்ந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். குளிர் நாட்டுக்காரர்கள் ஆறு மாதம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். மாதம் ஒரு முறை சக்கரத்தைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலும் ஊற்றுங்கள். 29க்கு 2.4 அகல டயரில் முதலில் ஊற்றுவது 100 முதல் 120 மில்லிலிட்டர். டயரைக் கழற்றும்போது உள்ளே கட்டியாகக் கிடப்பதைப் பார்த்தால், சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பால்தான் நினைவுக்கு வரும். அதை உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். எடையும் குறையும், சக்கரமும் ஆடாமல் சுற்றும். தடத்தில் அவசரத்துக்குக் கார்பன் டையாக்சைடு குப்பியால் காற்றடித்தால் சில சீலன்ட்கள் உறைந்துவிடுகின்றன. கைப்பம்பே பாதுகாப்பு.

பின் டயருக்குள் நுரை வளையம் போடலாமா என்றும் கேட்டான். ஹார்ட்டெயிலுக்கு அது நல்ல முதலீடு. ரிம்மைக் காக்கும், டயரை நெளியவிடாது. கனமான வகைகளில் சக்கரம் ஒன்றுக்கு 250 கிராமுக்கு மேலும் கூடலாம். செம்பனைத் தோட்டத்து நடுவில் பஞ்சரானால், நுரையை வெளியே இழுத்துவிட்டு டியூப் போடுவது பெரும் பாடு. அவனுக்கு எக்சோ பிளஸ் போதும். அப்புறமும் ரிம்மில் அடி விழுந்தால் நுரை போடலாம் என்று விட்டோம்.

இனி ரிம். டயர் 2.4, 2.5 என்று முடிவான பிறகு ரிம்மின் உள்ளகலம் 30 மில்லிமீட்டர் என்பது தானாக வந்துவிடுகிறது. மேக்சிஸ் டயர்களில் டபிள்யூடி என்று குறித்திருப்பவை 30 முதல் 35 மில்லிமீட்டர் ரிம்முக்காகச் செய்யப்பட்டவை. 25 மில்லிமீட்டர் ரிம்மில் 2.5 டயரை ஏற்றினால், மேலே பருத்து அடியில் ஒடுங்கி, வளைவில் ஆடும். 35ஐத் தாண்டினால் டயர் தட்டையாகி, ஓரக் குமிழ்கள் இருக்க வேண்டிய கோணம் மாறிவிடும். பக்கச் சுவரும் கல்லுக்கு நேராக வெளியே நிற்கும். பழைய சைக்கிளிலிருந்து 21, 23 மில்லிமீட்டர் ரிம் கையில் இருக்கிறது, அதையே போடலாமா என்றால், போடலாம். ஆனால் டயரை 2.25, 2.3 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

கார்பனா அலுமினியமா என்பதுதான் அவனுடைய அசல் கேள்வி. கார்பனுக்காகப் பேச வேண்டியதை முதலில் பேசிவிடுகிறேன். ஒரு ஜோடியில் 200, 300 கிராம் குறையலாம். அதுவும் சக்கரத்தின் வெளி விளிம்பில் குறைகிறது. வேகம் பிடிப்பது எளிது. கோட்டம் எளிதில் விழாது. நல்ல நிறுவனங்கள் உடைந்தால் மாற்றித் தருவதாக உத்தரவாதமும் கொடுக்கின்றன. பந்தயம் ஓடுகிறவருக்கு, அதிலும் ஏற்றம் நிறைந்த பந்தயத்துக்கு, அந்தப் பணம் தகும்.

ஆனால் ஹார்ட்டெயிலின் பின் சக்கரத்தை யோசியுங்கள். அலுமினிய ரிம் அடிபட்டால் நசுங்கும். நசுங்கினதை ஸ்பேனரால் மெல்ல நிமிர்த்தி, கோட்டம் எடுத்து, அடுத்த வாரமும் ஓட்டலாம். கார்பன் தாங்கும், தாங்கும், பிறகு ஒருநாள் விரியும். விரிந்ததை நிமிர்த்த முடியாது. உத்தரவாதம் இருந்தாலும் மாற்று ரிம் கடல் தாண்டி வந்து சேரும்வரை சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். மேலும் கார்பன் ரிம் விறைப்பானது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் அந்த விறைப்பு இடுப்புக்குத்தான் போய்ச் சேரும். இது போதாது என்றால் பணக் கணக்கு: ஒரு பெயர்பெற்ற கார்பன் ஜோடியின் விலையில் நல்ல அலுமினியச் சக்கரம் ஒரு ஜோடி, மேலே சொன்ன டயர்கள், சீலன்ட், மீட்டர் எல்லாம் வாங்கிய பிறகும் கையில் வெள்ளி மிஞ்சும். விலை மலிந்த பெயரில்லாத கார்பனை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அது எங்கே எப்படி விரியும் என்று விற்கிறவருக்கே தெரியாது.

அலுமினியத்தில் டிடி ஸ்விஸ் எக்ஸ்எம் 481, இஎக்ஸ் 511 இரண்டும் உள்ளகலம் 30 மில்லிமீட்டர்தான். முன்னது லேசு, பின்னது கனமும் உறுதியும். முன்னால் 481, பின்னால் 511 என்று கலந்து கட்டுவது ஹார்ட்டெயிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஸ்டான்ஸ் ஃப்ளோ, ரேஸ் ஃபேஸ் ஆர்க் 30, டபிள்யூடிபி ஐ30 வகைகள் எல்லாம் இதே அகலத்தை ஒட்டியவைதான். எது நியாயமான விலையில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

சக்கர அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிரேம் 29 என்றால் 29தான். இன்னும் ஃபிரேமே வாங்காதவர்களுக்கு: பெரிய சக்கரம் வேரில் மோதும் கோணம் சிறியது, அதனால் ஏறி இறங்குவது எளிது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளுக்கு இந்த உதவி பெரிய உதவி. உயரம் குறைந்தவர்களும் சைக்கிளைத் திருப்பி விளையாடுவதை விரும்புகிறவர்களும் 27.5 எடுக்கலாம், புது டயர் மாடல்கள் முதலில் 29இல் வருகின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய 26 ஃபிரேம் இருந்தால் அதற்கும் டயர் கிடைக்கிறது, ஆனால் தேர்வு சுருங்கிக்கொண்டே போகிறது. சந்தேகம் வந்தால் டயரில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள்: 559 என்றால் 26, 584 என்றால் 27.5, 622 என்றால் 29.

ஹப் விஷயத்தில் ரசனைக்கு இடமில்லை, பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. வாங்கிய பிறகு பொருந்தாமல் கிடக்கும் சக்கரங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. இப்போதைய ஹார்ட்டெயில்களில் பெரும்பாலும் பூஸ்ட் அளவு: முன்னால் 110 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் அச்சு, பின்னால் 148, 12 மில்லிமீட்டர் அச்சு. பழையவை 100, 142. அதற்கும் முந்தியவை பின்னால் 135, விரைவுப் பூட்டு. சில விலை குறைந்த ஃபிரேம்களில் 141 அகலமும் விரைவுப் பூட்டும் வரும். அது பார்க்க பூஸ்ட் மாதிரி இருக்கும், ஆனால் 148 சக்கரம் போகாது. ஃபிரேமின் அளவை நீங்களே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அடுத்து கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) ஏறும் ஃப்ரீஹப். ஷிமானோவின் மலைச் சைக்கிள் 12 கியர் கேசட்டில் சிறிய பல்சக்கரம் பெரும்பாலும் 10 பல்; அதற்கு மைக்ரோ ஸ்ப்லைன் வகை ஃப்ரீஹப் வேண்டும். டியோர் 11 கியர் பழைய எச்ஜி வகை ஃப்ரீஹப்பிலேயே ஏறும். ஸ்ராம் நிறுவனத்தில் ஜிஎக்ஸ், அதற்கு மேலுள்ளவை எக்ஸ்டி வகை. அதற்குக் கீழே என்எக்ஸ், எஸ்எக்ஸ் இரண்டும் எச்ஜி. அவனுடைய டியோர் 12க்கு மைக்ரோ ஸ்ப்லைன். இணையத்தில் மலிவாக வரும் ஜோடிகள் பல எச்ஜியோடு வருகின்றன. ஃப்ரீஹப்பைத் தனியாக வாங்கினால் மலிவு காணாமல் போகும். பிரேக் தட்டு பொருந்துவதிலும் இரண்டு வகை: நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக், ஆறு ஆணி. சென்டர்லாக் ஹப்பில் ஓர் இடைத்துண்டு வைத்து ஆறு ஆணித் தட்டைப் பூட்டலாம், ஆனால் ஆறு ஆணி ஹப்பில் சென்டர்லாக் தட்டைப் பூட்ட முடியாது.

எந்த ஹப் என்றால், இந்த ஈரத்தில் திறந்து துடைத்து கிரீஸ் வைக்க எளிதானது எதுவோ அது. டிடி ஸ்விஸ் 350ஐ ஸ்பேனர் எதுவும் இல்லாமல் கையாலேயே இழுத்துத் திறக்கலாம். உள்ளே இரண்டு பல் வளையங்கள், அவ்வளவுதான். துடைத்து அதற்குரிய கிரீஸைத் தடவி மூடினால் வேலை முடிந்தது. ஓடையைக் கடந்து வந்த அன்றைக்கே வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்யலாம். ஹோப் ஹப்களும் நீண்ட நாள் உழைப்பவை, சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். பணம் இடித்தால் நோவாடெக், கூசர் போன்றவை போதுமான ஹப்கள். அடைத்த பால்ரஸ் (மூடிய பேரிங்) என்பதால், தேய்ந்தால் எண்ணைச் சொல்லி பேரிங் கடையிலேயே வாங்கிப் போடலாம். ஷிமானோ ஹப்களில் கோப்பையும் கூம்பும் உள்ள பழைய முறை. அவை மென்மையாக ஓடும், ஆனால் ஈரத்தில் கவனிக்காமல் விட்டால் கோப்பையே குழிந்துவிடும். எந்த ஹப்பானாலும் சைக்கிளைக் கழுவும்போது அழுத்தத் தண்ணீரை அச்சுப் பக்கம் பீய்ச்சாதீர்கள்.

ஸ்போக் 32, இரண்டு பக்கமும். முன்னால் 28 போதும் என்பார்கள். 70 கிலோவுக்குக் கீழே இருந்தால் சரி. வளைந்த கழுத்துள்ள சாதாரண ஸ்போக்கையே கேளுங்கள். நேர் ஸ்போக் பார்க்க அழகு, ஆனால் ஜம்போரிக்கு முந்தின நாள் மாலை ஒன்று அறுந்தால் சரியான நீளத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தயார் நிலையில் வரும் சக்கரமா, கையால் கட்டுவதா? தயார் ஜோடி மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒரே ரிம். நமக்கோ பின்னால் உறுதி கூடுதலாக வேண்டும். நல்ல கை உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் கட்டுவதே மேல். கட்டிய பிறகு கொஞ்சம் ஓட்டிவிட்டு ஸ்போக் இறுக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புது ஸ்போக் இடம்பிடித்து உட்காரும்போது கொஞ்சம் தளர்வது வழக்கம். பழைய ஜோடி வாங்குவதும் நல்ல வழிதான். வாங்கும் முன் ஸ்போக் துளைகளைச் சுற்றி ரிம்மில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று கைப்பேசி விளக்கடித்துப் பாருங்கள். பிறகு அச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. விலையில் குறைக்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பினாங்கில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்குப் போகும் ஜீப் பாதை தார், காங்கிரீட், கடும் சரிவு. அங்கேயே அதிகம் ஓட்டுகிறவர் பின்னால் டிஎச்ஆர் டூவைப் போட்டால் குமிழ் வீணாய்த் தேயும். ரீகானே போதும், இறக்கத்தில் சூடாகும் பிரேக்கைத்தான் கவனிக்க வேண்டும். பாலிக் பூலாவ் பக்கத்துத் தோட்டத் தடங்களுக்கு மேலே சொன்னதே பொருந்தும்.

அவனுடைய பட்டியல் இப்படி முடிந்திருக்கிறது. முன்னால் எக்ஸ்எம் 481 ரிம், பின்னால் இஎக்ஸ் 511, இரண்டுக்கும் டிடி 350 பூஸ்ட் ஹப், 32 ஸ்போக், மைக்ரோ ஸ்ப்லைன். முன்னால் அசெகை 2.5, மேக்ஸ்டெர்ரா ரப்பர், எக்சோ துணி. பின்னால் டிஸெக்டர் 2.4, எக்சோ பிளஸ். பணம் பற்றாக்குறையாகிவிட்டால் எதைக் குறைக்கலாம் என்று கேட்டான். முதலில் ஹப்பைக் குறை, கூசர் போட்டுக்கொள். அதுவும் போதவில்லையென்றால் ரிம்மைக் குறை. உள்ளகலம் 30 இருந்தால் போதும், பெயர் தேவையில்லை. டயரில் கை வைக்காதே. அவன் தேய்த்து முடிக்கப்போகிற முதல் பின் டயருக்குப் பிறகு டிஎச்ஆர் டூவை ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.